ஒன்றேகால் சென்ட்

பக்கத்தில் இருக்கிறவன் நாற்காலியை நகர்த்துகிறான். நகர்த்தட்டும். முதலில் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தான், பிறகு செல்போனில் எதையோ தேடுகிறவன் மாதிரிக் குனிந்தான், இப்போது நாற்காலியோடு அரையடி தள்ளிப் போய்விட்டான், இன்னும் கொஞ்சம் போனால் சுவரில் முட்டிக்கொள்வான். காலையில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன், தலைக்குச் சீயக்காய், பீரோவில் கிடந்த கரைபோட்ட புடவை, கழுத்தில் பவுடர், தலையில் பூ, எல்லாம் ஆயிற்று, இருந்தும் கருவாடு என்னை விட்டுப் போகாது. நெத்திலியும் வாளையும் திருக்கையும் என் நகக்கண்ணில் குடியிருக்கின்றன. எனக்கு வீடு கொடுக்காத ஊரில் அவற்றுக்காவது என் உடம்பில் வீடு கிடைத்ததே. வாரச்சந்தையில் என் கடை முன்னால் நிற்கும்போது மட்டும் இந்த மூக்குகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. 'ரஞ்சிதக்கா, நல்ல வாளையாப் பாத்து எடுத்து வைங்க' என்று பல்லைக் காட்டுவார்கள், பொட்டலத்தைப் பைக்குள் பையாகப் போட்டு, மேலே கீரைக்கட்டை வைத்து மறைத்துக்கொண்டு போவார்கள். இதோ நகர்ந்து உட்கார்ந்திருக்கிறானே, இவன் மனைவிகூட வாங்குகிறவள்தான், சென்னாக்குன்னிக் கருவாடு என்றால் உயிரை விடுவாள். சொல்லிவிடலாமா அவனிடம்? வேண்டாம், வந்த வேலையைப் பார். மேலே மின்விசிறி சுற்றுகிறது, காற்று மட்டும் கீழே வருவதில்லை. மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நகராட்சி வருவாய் அலுவலர், கண்ணாடி போட்டவர், பழசாகிப்போன குப்பை வண்டியை ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு முன்னால் சைக்கிள் ஸ்டாண்டு போயிற்று, பூங்காவில் பட்டுப்போன வேப்பமரம் போயிற்று. கடைசியில்தான் என் இடம். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நகராட்சிக் கழிப்பிடம் இருந்து, இடித்து, எருக்கஞ்செடி முளைத்துக் கிடக்கிற ஒன்றேகால் சென்ட் காலி மனை. என் இடமாம், பேச்சைப் பார். வாயை அடக்கலாம், மனசை யார் அடக்குவது. மடியில் மஞ்சள் பை, பைக்குள் டெபாசிட் கட்டின ரசீது, என் கை அந்தப் பையின் வாயைத் திருகிக்கொண்டே இருக்கிறது. திருகாதே ரஞ்சிதம், பயந்துவிட்டாய் என்று நினைப்பான். யார் நினைப்பான்? அவன்தான், முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையும் தங்கச் செயினுமாகக் காலாட்டிக்கொண்டிருக்கிறானே பூபாலன், அவன்தான்.

ஏலம் ஏலக் கூடத்தில் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு வெகுளி நான். ஏலம் எதிர் டீக்கடையில் நடக்கிறது. யார் எடுப்பது, என்ன விலைக்கு எடுப்பது, மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க ஆளுக்கு என்ன பங்கு என்று பேசி, டீ குடித்து, வாயைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் இங்கே வந்து கையைத் தூக்குகிறார்கள். பேசி முடிக்கிறது என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், என்னவோ கல்யாணம் பேசி முடிக்கிற மாதிரி. மனை வாங்கி விற்கிற பூபாலன்தான் அதற்கு மாப்பிள்ளை, பின்னால் உட்கார்ந்திருக்கிற நாலு பேரும் மாப்பிள்ளைத் தோழர்கள். காலையில் என்னையும் கூப்பிட்டான். "அக்கா, ஒங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி? இதை வச்சுக்கங்க. உள்ள வந்து சும்மா உக்காருங்க, போதும்" என்று ஒரு பழுப்புக் கவரை நீட்டினான். "இது எதுக்குத் தம்பி?" என்றேன். "கேக்காம இருக்கறதுக்குக்கா." சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. பிறந்ததிலிருந்து எதையும் கேட்காமல்தான் இருந்திருக்கிறேன், ஒரு பயல் அதற்கு ஒரு ரூபாய் கொடுத்ததில்லை, இன்றைக்குத்தான் என் வாய்க்கு விலை வந்திருக்கிறது. "கேக்கத்தான் தம்பி வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பின்னாலிருந்து சொன்னான், "கேளுங்கக்கா, நல்லாக் கேளுங்க. ஒத்தை ஆளாக் கேட்டா என்ன ஆகும்னு பாருங்க." அதுதான் அப்போதிருந்து காதுக்குள் சுற்றுகிறது. என்ன ஆகும்? ஒற்றை ஆளாகக் கேட்டால் சல்லிசாகக் கிடைக்கும், வேறென்ன ஆகும்? ஆனால் அவன் சிரித்த சிரிப்பு சல்லிசாகக் கொடுக்கிறவன் சிரிப்பு இல்லை. என்ன ஆகும், என்ன ஆகும் என்று குப்பை வண்டி போகிற வரைக்கும் யோசிக்கிறேன், பிடிபடவில்லை. அந்தக் கல் விஷயம்கூட இவன் வேலைதான் என்று எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். போன வெள்ளிக்கிழமை விடிந்து பார்த்தால் மனையின் நடுவில் ஒரு கல், மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி, பக்கத்தில் சூலம், சூலத்தின் முனையில் எலுமிச்சம்பழம். அம்மன் தானாக முளைத்துவிட்டாள், அந்த இடத்தை எடுக்கிறவன் குடும்பத்தில் ரத்தம் பார்ப்பாள் என்று மத்தியானத்துக்குள் பேச்சு பரவிவிட்டது. நானும் போய்ப் பார்த்தேன். துணியை லேசாக விலக்கினேன். ஹாலோ பிளாக். வீடு கட்டுகிற சிமெண்டுக் கல், நடுவில் இரண்டு ஓட்டை. பூமியைப் பிளந்துகொண்டு வருகிறவள் வழியில் ஹாலோ பிளாக் கம்பெனிக்குப் போய்விட்டா வருவாள்? இருந்தாலும் கை கூப்பினேன், அது பழக்கம். சரி, கொஞ்சம் பயமும்தான், யாருக்குப் பொய் சொல்லப்போகிறேன் இங்கே. ஆனால் மற்றவர்கள் துணியை விலக்கவில்லை. ஆசையோடு இருந்த பேர் எல்லாம் ஒதுங்கிவிட்டார்கள். டெபாசிட்டே கட்டிவிட்ட மாவு மில் சதாசிவம்கூட, நெற்றி நிறைய விபூதியோடு கடைசி வரிசையில் சாமி குற்றம் செய்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார், கேட்கமாட்டார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

காலி பண்ணு. இந்த ஒரு சொல்லை இந்த ஊர் எனக்கு எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறது. பையன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், வீடு வேணும். பெயிண்ட் அடிக்கப் போறோம். ஒங்களச் சொல்லலம்மா, வாடையத்தான் சொல்றோம். வாடை வேறு நான் வேறு மாதிரி, வாடையை மட்டும் காலி பண்ணச் சொன்னால் அதுபாட்டுக்குச் சாமானைக் கட்டிக்கொண்டு போய்விடும் மாதிரி. வீட்டுக்காரர் என்று நம் ஊரில் இரண்டு பேரைச் சொல்கிறார்கள், தாலி கட்டினவனையும் வாடகை வாங்குகிறவனையும், எனக்கு இரண்டுமே நிலைக்கவில்லை. தாலி கட்டினவன் திருப்பூருக்குப் போய் அங்கே ஒருத்தியோடு இருக்கிறான், இருக்கட்டும், அவள் கருவாடு விற்கிறவள் இல்லையாம். இப்போது இருக்கிற வீட்டில் இந்த மாதக் கடைசிக்குள் போகச் சொல்லிவிட்டார்கள். அது இருக்கட்டும், அதெல்லாம் பழகிப்போன சங்கதி. பழகாதது ஒன்று இருக்கிறது. அதை நினைக்காதே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அது நினைக்காதே என்று சொல்லும்போதே வந்து நிற்கிறது. அம்மா அரசு ஆஸ்பத்திரியில் செத்துப்போன அன்றைக்கு வேனில் ஏற்றிக்கொண்டு அப்போது வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வந்தேன். மாடியில் இருந்த ஓனர் ஐயா கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கையில் பூட்டு. "கிரகப்பிரவேசம் ஆகி ஒரு வருசம்கூட ஆகலம்மா. பொண்ணுக்கு வேற பேசிக்கிட்டிருக்கோம். நீயே சொல்லு" என்றார். "உள்ள கொண்டுபோகலீங்கய்யா. வாசல்ல மட்டும் செத்த நேரம் கெடத்திக்கறேன், குளிப்பாட்டணும்ல" என்றேன். "வாசலும் வீடுதானேம்மா" என்றார். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். கண்கூடக் கலங்கியிருந்தது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மண்ணை வாரி இறைத்திருப்பேன், அந்த மெதுவான குரலில் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வேன்காரன் "எங்கக்கா போறது?" என்று கேட்டான். எங்கே போவது? செத்துப்போன அம்மாவோடு ஊரைச் சுற்றினோம். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் வேன் தானாக நின்ற மாதிரிதான் எனக்கு ஞாபகம், அவன்தான் நிறுத்தியிருப்பான். வாசலில் சில்லறை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பேச்சி எட்டிப்பார்த்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை, உள்ளே இருந்தவர்களை எல்லாம் 'எந்திரிச்சு வாங்கய்யா' என்று விரட்டினாள், தன் பெஞ்சை இழுத்துப்போட்டாள், தார்ப்பாயைக் கட்டினாள். "தண்ணி நல்லா வருதுக்கா. வாங்க" என்றாள். அங்கேதான் அம்மாவைக் கிடத்தினோம். குழாயடியில், அந்தப் பெஞ்சில், மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, அங்கிருந்துதான் எடுத்தோம். இதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. ஐயோ கக்கூசிலா என்பார்கள். ஆமாம், கக்கூசில்தான். இந்த ஊரில் அன்றைக்கு என் அம்மாவை வேண்டாம் என்று சொல்லாத ஒரே இடம் அதுதான். செத்த பிறகு எனக்கு என்ன தெரியப்போகிறது, யார் வாசலில் கிடத்தினால் என்ன என்று கேட்கலாம். தெரியாதுதான். ஆனால் சாகிற வரைக்கும் தெரிந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறதே. ஒவ்வொரு தடவை காய்ச்சல் வரும்போதும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கடவுளே, இந்த வீட்டில் வேண்டாம், இவர்கள் கேட்டைப் பூட்டுவார்கள் என்று வேண்டிக்கொண்டு படுக்கிற பிழைப்பு ஒரு பிழைப்பா?

மைக்கில் என் இடம் வந்துவிட்டது. முதுகு தானாக நிமிர்கிறது. வருவாய் அலுவலர் காகிதத்தைப் பார்த்து வாசிக்கிறார், வார்டு, சர்வே எண், நாலு பக்கத்து எல்லை, வடக்கே சாக்கடை, தெற்கே தெரு, குறைந்தபட்சத் தொகை ஆறு லட்சம். கையைத் தூக்கு. தூக்கு ரஞ்சிதம். கை பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பை என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எழுந்தே நின்றுவிட்டேன். "ஆறு லட்சத்துப் பத்தாயிரம்." கீச்சென்று வந்தது குரல், யாரோ பின்னால் சிரித்தார்கள், சந்தையில் அத்தனை கூச்சலுக்கு மேலே கத்துகிற குரலுக்கு இங்கே என்ன வந்தது. "ஆறு பத்து. வேற யாராவது? ஆறு பத்து." யாரும் இல்லை. பூபாலன் மின்விசிறியைப் பார்க்கிறான். அவனுடைய நாலு பேரும் மின்விசிறியைப் பார்க்கிறார்கள். சந்தோஷம் பொங்கிக்கொண்டு வருகிறது எனக்கு, முட்டாள், முட்டாள், அதற்குள் சந்தோஷம். வருவாய் அலுவலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஏம்மா, விதிப்படி ரெண்டு பேராவது கேக்கணும். ஒருத்தர் மட்டும் கேட்டா ஏலத்தை ஒத்திவைக்கறதைத் தவிர வழி இல்ல." இதுதானா. ஒற்றை ஆளாகக் கேட்டால் ஆவது இதுதானா. அவர்கள் கேட்கவே மாட்டார்கள், ஒத்திவைப்பார்கள், அடுத்த தடவையும் ஒத்திவைப்பார்கள், விலை போகவில்லை என்று தொகையைக் குறைப்பார்கள், அதற்குள் நான் சாமானோடு எந்தத் தெருவில் நிற்பேனோ, பூபாலன் டீ குடித்துவிட்டு வந்து நிதானமாகக் கையைத் தூக்குவான். "அடுத்த ஏலம் எப்ப சார்?" "அது மன்றம் கூடித்தாம்மா முடிவு பண்ணணும்." பயம் இல்லை. இல்லை, பயம்தான், ஆனால் பயத்துக்குக் கீழே வேறு ஒன்று கொதிக்கிறது. எவ்வளவு சுத்தமாகச் செய்கிறார்கள் பாருங்கள். இங்கேயும் ஒருவரும் கத்தவில்லை. மெதுவாக, விதிப்படி, கேட்டைப் பூட்டுகிறார்கள். உட்காராதே. உட்கார்ந்தால் முடிந்தது. எனக்கு இன்னொரு வாய் வேண்டும். யார் வாயாவது ஒரு தடவை திறக்க வேண்டும், அவ்வளவுதான். சதாசிவத்தைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். சந்தையில் விலை கேட்காமல் முறைத்துக்கொண்டு நிற்கிறவனை எப்படிப் பேச வைப்பாய்? உன்னால் வாங்க முடியாதுய்யா, போ என்று சொல்லுவாய். உடனே பையை நீட்டுவான். சொல்லு அப்போது.

"சார், பூபாலன் தம்பி கேக்காது சார்" என்றேன், இந்தத் தடவை சந்தைக் குரல் வந்துவிட்டது. "அங்கதான் அம்மன் மொளைச்சிருக்குல்ல. தம்பிக்குப் பயம்." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூபாலன் திரும்பினான். "யாருக்குப் பயம்?" "தப்பில்ல தம்பி. சாமிக்குப் பயப்படறது நல்ல புத்திதான். ஒன் கூட வந்த நாலு பேருக்கும் வாயக் கட்டிருச்சு பாரு, பாவம், கேக்கணும்னு நெனச்சாலும் நாக்கு எழும்ப மாட்டேங்குது." சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. தங்கச் செயின் போட்ட கழுத்து சிவப்பதை முதல் தடவையாகப் பார்க்கிறேன். எழுந்துவிட்டான். "என்னா அம்மன்? நான் எறக்கி வச்ச கல்லுக்கு நானே பயப்படணுமா? ஆறே கால்! எழுதுங்க சார்!" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது போலிருக்கிறது, வாய் திறந்தபடி நின்றது. கூடம் கொல்லென்று சிரித்தது. மேடையில் இருந்த குமாஸ்தாகூடச் சிரித்தார். வருவாய் அலுவலர் மட்டும் சிரிக்காமல் "ரெண்டு பேர் கேட்டாச்சு, ஏலம் செல்லும்" என்று எழுதிக்கொண்டார், அந்தக் கண்ணாடிக்காரர் நல்லா இருக்கணும். "ஆறரை" என்றேன். பூபாலன் கையைத் தூக்கப் போனான், பின்னால் இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்தான், "பேசின தொகைக்கு மேல போனா ஒன் காசு, எங்க பங்குல கை வைக்கக் கூடாது" என்று ரகசியம் சொன்னான், அந்த ரகசியம் எனக்கே கேட்டது. கட்டின கூட்டு அவன் காலையே கட்டிவிட்டது. உட்கார்ந்தான். ஆறரை லட்சம், ஒரு தரம் என்றார் அலுவலர். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து "ஆறே முக்கால்" என்று ஒரு குரல். சதாசிவம் எழுந்து நிற்கிறார், முகத்தில் ஒரு வெளிச்சம். அம்மன் இல்லை என்று தெரிந்துவிட்டதே, பயம் போய்விட்டதே. போக்கினது யார்? நான்தான். என் வாயால் நானே அவரை எழுப்பி விட்டுவிட்டேன்.

ஒன்பது லட்சம் இருக்கிறது என்னிடம். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது, தோடு உட்பட எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஒன்பது. மனையை ஆறு ஆறரையில் முடித்துவிட்டால் மிச்சத்தில் வீடு. அந்த வீட்டை நான் மனசுக்குள் கட்டி முடித்து எத்தனையோ நாளாகிறது, பால்கூடக் காய்ச்சிவிட்டேன். ஒரே அறைதான், ஆனால் பின்னால் தனியாகக் கம்பிவலை போட்ட சின்ன அறை, கருவாட்டு மூட்டைகளுக்கு. கடப்பைக்கல் போட்ட சமையல் மேடை. ஓட்டுக்கூரை. வாசல் மட்டும் பெரிதாக, பாடையைச் சாய்க்காமல் கொள்ளாமல் நேராக வெளியே எடுக்கிற அகலத்துக்கு. கொத்தனாரிடம் சொன்னபோது என்னக்கா இவ்வளவு அகலம், பீரோ உள்ள போகணுமா என்றான், ஆமாம் தம்பி, பீரோதான் என்றேன். "ஏழு" என்கிறேன் இப்போது. மூட்டை அறை போயிற்று. போகட்டும், மூட்டைகளோடு படுத்துத்தானே பழக்கம். "ஏழே கால்" என்கிறார் அவர், அவருக்கென்ன, மாவு மில், தினமும் ஊரே அரைக்கிறது. "ஏழரை." சமையல் மேடை போயிற்று, தரையில் உட்கார்ந்து சமைப்பேன், அம்மா கடைசி வரைக்கும் அப்படித்தான் சமைத்தாள். "ஏழே முக்கால்." நிறுத்திவிடு என்று ஒரு குரல் உள்ளுக்குள், நிறுத்திவிட்டு மிச்சப் பணத்தை வைத்துக்கொண்டு இன்னொரு வாடகை வீடு பார், இன்னொரு கேட், இன்னொரு பூட்டு, அது என் குரல்தானா, அந்த ஓனர் ஐயாவின் குரல் மாதிரி மெதுவாக இருக்கிறது. "எட்டு!" கூரை போயிற்று. தார்ப்பாய் போட்டுக்கொள்ளலாம். பேச்சி கட்டின தார்ப்பாயில் அம்மாவுக்கு என்ன குறை வந்தது? "எட்டே கால்." "எட்டரை." சுவர் போயிற்று, நாலு பக்கமும். சுவர் இல்லாத இடத்தில் என் வாடை இஷ்டத்துக்குப் போய்வரட்டும். எல்லோரும் ஒரு தடவை அவரையும் ஒரு தடவை என்னையும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், நாற்காலியை நகர்த்தினவன் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறான், மூக்கை மறந்துவிட்டான். "எட்டே முக்கால்" என்று சதாசிவம் சொல்லி முடிப்பதற்குள் நான் "ஒம்போது" என்றேன். வாசல் போயிற்று. அந்தப் பெரிய வாசல். இப்போது என்னிடம் மண் மட்டும்தான் மிச்சம். அடுத்து அவர் ஒன்பதே கால் என்றால் மண்ணும் போயிற்று.

அவர் சொல்லவில்லை. நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நல்ல மனுஷன்தான், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். "ஏம்மா, எதுக்கு இந்தப் பிடிவாதம்? நான் அங்க நாலு ரூம் போட்டு வாடகைக்குத்தான் விடப்போறேன். விட்டுக்குடு. ஒனக்கே ஒரு ரூம் தர்றேன், வாடகைய ஒன்னயப் பாத்துப் போட்டுக்கலாம்." கூடத்தில் உச்சுக்கொட்டினார்கள், எவ்வளவு பெரிய மனசு என்று. எனக்கு உச்சந்தலையிலிருந்து சூடு இறங்கியது. என் அம்மாவைக் கிடத்தின இடத்திலேயே இன்னொரு ஓனர், இன்னொரு கேட், அதில் நான் வாடகைக்கு. "ரூம்ல நான் செத்துட்டா பொணத்தை அங்க கெடத்த விடுவீங்களாண்ணே?" என்றேன். "என்னம்மா, நல்ல நேரத்துல..." "சொல்லுங்கண்ணே. விடுவீங்களா?" அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்தப் பதில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. அதற்கு மேல் என் வாய் என்னைக் கேட்கவில்லை. "எங்கம்மா செத்தப்ப வாடகைக்கு இருந்த வீட்டு வாசல்ல வைக்க விடல. நீங்க ரூம் போடறேங்கற எடம் இருக்குல்ல, அங்கதான் கெடத்தினேன். அங்கதான் பொணத்தக் குளிப்பாட்டினேன். அந்தத் தண்ணி முழுக்க அந்த மண்ணுலதான் எறங்கியிருக்கு. கக்கூஸ் வாசல்ல வாய்க்கரிசி போட்டேன். போதுமா? கேளுங்கண்ணே இப்ப, ஒம்போதே கால்னு கேளுங்க." சதாசிவத்தின் கை விபூதிக்குப் போயிற்று, பிறகு துண்டுக்குப் போயிற்று, எங்கே வைப்பது என்று தெரியாமல் அலைந்தது. "தெரியாமப் போச்சே" என்றார், "யாரு அங்க குடி வருவாங்க. எனக்கு வேணாம் சார்." உட்கார்ந்துவிட்டார். ஒன்பது லட்சம், ஒரு தரம். பூபாலன் கல்லை வைத்து விரட்டினான், நான் அம்மாவை வைத்து விரட்டிவிட்டேனா? ஒன்பது லட்சம், இரண்டு தரம். விரட்டினேன்தான். அதனால் என்ன. அவன் சொன்னது பொய், நான் சொன்னது நடந்தது. இத்தனை வருஷம் வெட்கப்பட்டு மூடி வைத்திருந்ததை இந்த ஊர் நடுவில் நின்று சொல்லிவிட்டேன், வெட்கப்பட வேண்டியது நான் இல்லை என்பது சொன்ன பிறகுதான் எனக்கே தெரிகிறது. அம்மா கோபித்துக்கொள்ளமாட்டாள். கோபித்துக்கொண்டாலும் அங்கேயே வந்து பேசிக்கொள்ளட்டும். மூன்றாவதைச் சொல்லுங்கள் சார், ஏன் இவ்வளவு நேரம், பூபாலன் எழுந்தால் என்ன செய்வேன், அவன் எழவில்லை, அவன் ஆட்கள் அவனிடம் கல்லைப் பற்றி என்னவோ சீறிக்கொண்டிருக்கிறார்கள், சதாசிவம் கண்ணை மூடிவிட்டார், அலுவலர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்க்கிறார், சொல்லுங்கள், சொல்லுங்கள். மூன்று தரம். மேசையில் கையால் தட்டினார். எனக்கு அழுகை வரவில்லை. உட்கார்ந்தால் வந்துவிடும் என்று நின்றுகொண்டே இருந்தேன்.

குமாஸ்தா மேசைக்குக் கூப்பிட்டார். போகும்போது வழியில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். வாடைக்காகவா மரியாதைக்காகவா தெரியவில்லை, இரண்டில் எதுவானாலும் வழி கிடைத்தது. குமாஸ்தா ரசீதுப் புத்தகத்தை விரித்துக் கார்பன் தாளைச் சரிசெய்துகொண்டு பெயர் கேட்டார். "ரஞ்சிதம்." எழுதினார். "வெலாசம் சொல்லுங்க" என்றார். பழக்கத்தில் இப்போது இருக்கிற வீட்டுக் கதவு எண் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடித்து நிறுத்தினேன். "இப்ப எடுத்தேன்ல சார், அந்த எடத்தையே எழுதுங்க." அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், கேலியாக இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் பார்த்தார். "அங்க வீடே இல்லையேம்மா. நகராட்சியிலேர்ந்து தபால் வந்தா தபால்காரர் யார்கிட்ட குடுப்பாரு?"

"எங்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க சார்" என்றேன். "நான் அங்கதான் நின்னுக்கிட்டிருப்பேன்."